கொக்கின் காரில் ஒரு குளம்

கொக்கு ஒற்றைக்காலில் நிற்பது மீனுக்காக என்று நெடுங்காலமாக நம்பப்பட்டு வருகிறது. நன்கு படித்தவர்கள்கூடக் கூச்சமின்றி இதைச் சொல்கிறார்கள். இது முற்றிலும் பிழை. அந்த நிலைக்கான காரணம் மோட்டார் வாகனத் துறையைச் சேர்ந்தது.

ஒரு காட்டில் தவசி என்றொரு கொக்கு வாடகைக் கார் ஓட்டிப் பிழைத்துவந்தது. தானாகக் கியர் மாறும் கார் என்பதால் ஓட்ட ஒரு கால் போதும். ஐப்பசி மழை தொடங்கியதும், முன்கண்ணாடியின் ரப்பர் விளிம்பு வழியே தண்ணீர் இறங்கிக் காலடியில் தேங்கியது. தவசி ஒரு காலைத் தண்ணீரில் விட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தது. மற்றதை மடக்கி, இறகுக்குள் உலரவைத்துக்கொண்டது. காரை விட்டு இறங்கிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

தன் கால் நனைவதைத் தவசி பொறுத்துக்கொண்டிருக்கும். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை காட்டுப்பூனை வீரபாகுவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையை அழைத்துவர இந்தக் காரைத்தான் பேசியிருந்தார்கள். பெண்ணின் அப்பா டாக்ஸி ஸ்டாண்டுத் தலைவர். அவர் மிகவும் மென்மையாகச் சொல்லிவிட்டுப் போனார்:

"மாப்பிள்ளைக்குத் தண்ணின்னா ஆகாதுப்பா. பாதம் நனைஞ்சு பாதி வழியில கோவிச்சுக்கிட்டுத் திரும்பிட்டாருன்னா, ஸ்டாண்டுல உன் எடத்துல வேற வண்டி நிக்கும்."

காட்டில் ஒரே ஒரு ஒர்க்‌ஷாப்தான் இருந்தது, அதுவும் குளக்கரையில். அதை நடத்திய எருமையை எல்லோரும் மேஸ்திரி என்றே அழைத்தார்கள். மேஸ்திரி குளத்திலிருந்து எழுந்து வந்து, காருக்குள் குனிந்து பார்த்தது. தேங்கிய தண்ணீரில் குளம்பை விட்டுப் பார்த்தது. பிறகு அதை எடுக்கவே இல்லை.

"நல்லாத்தானே தம்பி இருக்கு?"

மழை எங்கே இறங்குகிறது, எப்படித் தேங்குகிறது, யார் யார் நனைகிறார்கள் என்று தவசி தெளிவாக விளக்கியது. மேஸ்திரி எல்லாவற்றையும் கேட்டு, எல்லாவற்றுக்கும் தலையாட்டியது. ஆனால் தண்ணீர் விஷயத்தில் எருமைகள் அறிந்த கஷ்டம் ஒன்றே ஒன்று: வற்றிப்போவது. தண்ணீர் தானாகத் தேடி வருவதை ஒரு வாடிக்கையாளர் குறையாகச் சொல்லக்கூடும் என்று அதன் மனம் ஏற்கவில்லை. வண்டியை விட்டுப் போகும்படி சொன்னது.

எந்த வேலைக்கு வந்த வண்டியானாலும் இலவசமாக வாட்டர் வாஷ் செய்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி அனுப்புவது அந்த ஒர்க்‌ஷாப்பின் வழக்கம். தண்ணீர் குளத்திலிருந்தே குழாய் போட்டு இழுக்கப்பட்டது. ஆகவே ஒழுகலைப் பற்றி முறையிடப் போன ஒவ்வொரு முறையும் கார் முன்பைவிட நிறைந்து திரும்பியது. வியாழக்கிழமை மேஸ்திரியே ஒரு கோளாறைக் கண்டுபிடித்தது. காரின் அடித்தகட்டிலிருந்த துளைகள் வழியே தண்ணீர் சொட்டுச்சொட்டாகத் தரையில் வீணாகிக்கொண்டிருந்தது. மனம் பதறி, அவற்றைத் தாரால் அடைத்து, நன்றாக ஒரு வாட்டர் வாஷும் செய்தது.

வெள்ளிக்கிழமை காலை மாப்பிள்ளை வீட்டு வாசலில் கார் நின்றபோது, உள்ளே கதவுப்படி விளிம்புவரை தண்ணீர் தளும்பியது. தவசி ஸ்டாண்டில் தன் இடத்தை நினைத்துக்கொண்டு கதவைத் திறந்தது. பட்டுவேட்டியுடன் வந்த வீரபாகு உள்ளே பார்த்தது. மீசை விறைத்தது. பிறகு, காலடித் தண்ணீரில் ஏதோ மின்னியது.

குளத்துக் குழாய் வழியாக அயிரை மீன்கள் வந்து சேர்ந்திருந்தன.

வீரபாகு வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஏறியது. மண்டபம் வந்தும் இறங்கவில்லை. முகூர்த்தம் தவறிவிடும் என்று பதறி, பெண்ணையே காருக்கு அழைத்து வந்தார்கள். பெண்ணும் எட்டிப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டது. தாலி பின் இருக்கையில் கட்டப்பட்டது. பெண்ணின் அப்பா ஸ்டாண்டில் நிழலான இடத்தைத் தவசிக்குக் கொடுத்தார். புதுத் தம்பதி வாராவாரம் வெள்ளிக்கிழமை சவாரி வேண்டுமென்று சொல்லிவைத்தது.

தவசி நன்றி சொல்ல ஒர்க்‌ஷாப்புக்குப் போயிற்று. போனது போகட்டும், வாயை மூடிக்கொண்டு திரும்பியிருக்கலாம். அதற்குப் பதில், இந்தத் தண்ணீரில் ஒரு சொட்டுகூட இனி குறையக் கூடாது, அதற்கு ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டது.

மேஸ்திரியின் கண்கள் கலங்கின. இத்தனை நாளில் தன்னைப் புரிந்துகொண்ட முதல் வாடிக்கையாளர். பிரேக் போடும்போது தண்ணீர் மேலே தெறித்து வெளியேறிவிடாதபடி, முன்கண்ணாடிக்கும் கதவுகளுக்கும் புது ரப்பர் போட்டு, இண்டு இடுக்கெல்லாம் பசை பூசியது. அப்படி ஒரு வேலையை அந்த ஒர்க்‌ஷாப் அதற்கு முன் செய்ததே இல்லை. வேலைக்காக அடித்துளைகளைத் திறந்து பழைய தண்ணீரைக் குளத்தில் விட்டது. பிறகு அவற்றை அடைத்து, புதுத் தண்ணீர் நிரம்பட்டும் என்று மாலைவரை வாட்டர் வாஷ் செய்தது.

தவசி வந்து பார்த்தபோது காருக்குள் பொட்டுத் தண்ணீர் இல்லை. மிதியடியில் தூசி பறந்தது.

"இனி ஒரு சொட்டு வெளிய போகாது, தம்பி."

"உள்ளயும் வராதே, மேஸ்திரி."

மேஸ்திரி யோசித்தது.

"அது வேற கம்ப்ளெய்ண்ட். வண்டிய விட்டுட்டுப் போங்க."

நீதி: பழுது உண்மையிலேயே சரியாக வேண்டுமானால், முதலில் அதன்மேல் ஆசைப்படக் கற்றுக்கொள்ள வேண்டும்.

வீரபாகு தம்பதி இப்போது வெள்ளிக்கிழமைகளில் நீர்நாயின் கூரை கிழிந்த ஆட்டோவில் போகிறது.