பேக்கரி தாண்டியதும் ஒரு மாடு

அந்த வெள்ளிக்கிழமை எப்படியும் காரோட்டத் தகுதியானவன் என்று பெயர் வாங்கிவிடுவதென்று முடிவு செய்திருந்தேன். தகுதி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதைக் கேட்க எனக்கே பயம்.

போன வருஷம் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் ஓரளவு திரும்பிவிட்டன. இடது பக்கம்தான் திரும்பவில்லை. கண்ணில் குறையில்லை, அந்தப் பக்கம் இருப்பதை மூளை கண்டுகொள்வதில்லை என்றார் டாக்டர். நான் நம்பவில்லை. தட்டில் சட்னி இல்லையே என்பேன். என் மனைவி ராசாத்தி பேசாமல் தட்டைத் திருப்பி வைப்பாள். சட்னி வந்துவிடும்.

ஓசூர் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவன் நான். மயிரிழைக் கீறலைக்கூடப் பிடித்துவிடுவேன். இப்போது ஒரு கரண்டி சட்னி தெரியவில்லை. எதையெல்லாம் பார்க்காமல் விட்டேன் என்று ஒருவனுக்கு எப்படித் தெரியும்? விட்டதுதான் தெரியாதே.

பாகலூர் ரோட்டு மறுவாழ்வு மையத்தில் சிமுலேட்டர் என்று ஒன்று வைத்திருந்தார்கள். கார் சீட், ஸ்டீயரிங், பிரேக், முன்னால் பெரிய திரை. திரையில் ரோடு ஓடும். யார்மேல் மோதினாலும் யாரும் சாகமாட்டார்கள். பீப் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நான் ஓட்டினால் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுவது மாதிரி கேட்டது.

இந்த முறையும் தேறாவிட்டால் காரை எதிர்வீட்டு ராமப்பனுக்கு விற்றுவிடலாம் என்று ராசாத்தி சொல்லியிருந்தாள். அவர் ராயக்கோட்டையில் தக்காளி வியாபாரி. நான் துடைத்துத் துடைத்து வைத்த பின்சீட்டில் தக்காளிப் பெட்டி உட்கார்ந்து போவதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் கம்பெனிப் புத்தி வேலை செய்தது. ஆடிட் வந்தால் எந்த மெஷின் முன்னால் நிற்பார்கள் என்று எங்களுக்கு முன்பே தெரியும். அதை மட்டும் துடைத்து வைப்போம். இங்கேயும் ஓடுவது ஒவ்வொரு தடவையும் ஒரே ரோடுதான். வலது பக்கம் பேக்கரி வரும். அதைத் தாண்டியதும் இடது சந்திலிருந்து மாடு வரும். வருமாம். நான் பார்த்ததில்லை. பீப் மட்டும் கேட்டிருக்கிறேன். பேக்கரி வந்தால் பிரேக், அவ்வளவுதானே. மற்ற பீப்புகளுக்கும் இப்படியே ஓர் அடையாளம் பிடித்து வைத்தேன்.

போன வாரம் ஒரு பீப்கூட இல்லை. சிகிச்சையாளர் லாவண்யாவுக்கு ஒரே சந்தோஷம். இன்னொரு தடவை இப்படி ஓட்டினால் நிஜ ரோட்டில் ஓட்டிப் பார்க்க அனுப்புவதாகச் சொன்னாள். வெளியே வரும்போது ராசாத்தி அவளிடம் ஏதோ குசுகுசுத்தாள். குழம்பு வைக்கிற பக்குவம் பேசுகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. ராசாத்தி பின்னால் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தாள். பேக்கரி வந்தது. பிரேக்கை அழுத்தினேன். கார் நின்றது. பீப் இல்லை.

"எதுக்கு சார் நிறுத்தினீங்க?" என்றாள் லாவண்யா.

"மாடு வருதேம்மா."

"எங்க?"

"இடது பக்கம், சந்துலேர்ந்து. நல்ல பெரிய மாடு."

பின்னாலிருந்து ராசாத்தியின் குரல் வந்தது. "என்ன கலருங்க?"

இனி பின்வாங்க முடியாது. "வெள்ளை," என்றேன். "ஒரு கொம்பு கொஞ்சம் வளைஞ்சிருக்கு."

"மாட்டை இன்னைக்கு எடுத்தாச்சுங்க. நான்தான் எடுக்கச் சொன்னேன். போன வாரம் மாடு தலையைக் காட்டுறதுக்கு முன்னாடியே உங்க கால் பிரேக்குக்குப் போயிருச்சு. சத்தத்தையும் நிறுத்தச் சொல்லிட்டேன்."

சர்ப்ரைஸ் ஆடிட். என் சர்வீஸில் யாரும் என்னிடம் செய்யாதது.

"மாட்டுக்குப் பதிலா ஒரு அம்மாவை விட்டோம் சார்," என்றாள் லாவண்யா மெதுவாக. "பேக்கரிக்கு முன்னாடியே. இடது பக்கத்துலேர்ந்து. நீங்க அவங்க மேல ஏத்திட்டுத்தான் வந்தீங்க."

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரோடு சுத்தமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"நீங்க ஓட்டினா நான் எந்தப் பக்கங்க உக்காருவேன்?" என்று ராசாத்தி கேட்டாள்.

இடது பக்கம்தான். இத்தனை வருஷம் அந்த சீட்டில்தான் உட்கார்ந்து வந்தாள். மூளை நன்றாக இருந்த காலத்தில் மட்டும் அந்தப் பக்கம் எத்தனை தடவை திரும்பிப் பார்த்தேன்?

காரை விற்க வேண்டாம், கழுத்தைத் திருப்பக் கற்றுக்கொண்டால் போதும் என்றாள் ராசாத்தி. சாப்பாட்டுத் தட்டிலேயே ஆரம்பிக்கலாம், இடது விளிம்பு தெரிகிறவரை திரும்பிப் பார்க்கச் சொன்னாள் லாவண்யா.

வெளியே வந்து எதிர் ஹோட்டலில் உட்கார்ந்தோம். இட்லியோடு வடையும் சொன்னேன். எண்ணெய்ப் பண்டம் கூடாதென்பது டாக்டர் உத்தரவு. ஆனாலும் ராசாத்தி தடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டிருப்பாள் என்று நினைத்தேன்.

"இடது பக்கம் பாருங்க," என்றாள். "இன்னும் கொஞ்சம்."

கழுத்து வலிக்கத் திருப்பினேன். தட்டின் விளிம்பு தெரிந்தது. அதன் ஓரத்தில், யாரும் திருப்பி வைக்காமலே, சட்னி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இட்லியைத் தொட்டுத் தொட்டு, கடைசித் துளிவரை வழித்துச் சாப்பிட்டேன். பார்த்தாயா என்று பெருமையாக நிமிர்ந்தேன்.

தட்டின் வலது பக்கம் இருந்த வடையைக் காணவில்லை. ராசாத்தி வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.