பொட்டு வைத்த கயிறும் மடக்குப் பந்தலும்

இதை எழுத வேண்டுமென்று ஆறு வருஷமாகப் பேனாவை எடுப்பதும் மூடுவதுமாக இருந்தேன். சாமி காரியத்தில் நடந்த கூத்தைச் சொன்னால் சாமி கோபித்துக்கொள்ளுமோ என்று பயம். (சாமியைவிட என் வீட்டுக்காரி மீனாட்சியிடம்தான் பயம் என்பதே நிஜம்.)

காரைக்குடியில் நான் பிளம்பர். படிப்பு எட்டோடு சரி. மீனாட்சி டெங்குக் காய்ச்சலில் கிடந்தபோது, அவள் எழுந்து நடமாடினால், பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடி நடந்து போகிறவர்களுக்கு என் கையால் பந்தல் போட்டு நீர்மோர் ஊற்றுவதாக முருகனிடம் வேண்டிக்கொண்டேன். எழுந்துவிட்டாள். "என் கையால்" என்ற இடத்தில்தான் வினை பிடித்தது.

கடை வாசலில் மடங்கும் இரும்புக் கேட்டை நான் எப்போதும் வாய் பிளந்து பார்ப்பேன். ஒரு கை தள்ளினால் அவ்வளவு இரும்பும் ஓரமாய் ஒடுங்குகிறதே, பந்தல் ஏன் அப்படி ஒடுங்கக் கூடாது? பிவிசி குழாய்களைப் பெருக்கல் குறி போலப் போல்ட்டில் கோத்தேன். நாலு பகுதி, ஒவ்வொன்றையும் ஒரு கையால் தூக்கலாம். சேர்த்து மாட்டித் துணி போட்டால் பந்தல். முன்னால் தொங்கும் ஒரே கயிற்றை இழுத்தால் மொத்தமும் மடங்கிவிட வேண்டும். மொட்டைமாடியில் இருபது தடவை இழுத்தேன். இருபது தடவையும் பாதியில் சிக்கியது.

"பந்தக்காரரக் கூப்புட்டா நாலு கம்ப நட்டுட்டுப் போறாரு. நீங்க எதுக்கு இதுல இறங்குறீக?" என்றாள் மீனாட்சி.

"வேண்டுனது என் கையாலன்னுல்ல?"

"அப்ப என் தலையில மடங்காமப் பாத்துக்குங்க."

உத்திரத்தன்று காலை சாலையோரம் பந்தல் ஜம்மென்று நின்றது. புது மோட்டாருக்கே பொட்டு வைத்துவிட்டுத்தான் சுவிட்சைப் போடுகிற ஆள் நான். பந்தலின் உயிர் கயிற்றில்தானே? அதற்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. சூடமும் காட்டினேன்.

முதலில் வந்தது கண்டனூரிலிருந்து நடந்து வந்த ஒன்பது பெண்கள். முன்னால் வந்த ஆச்சி கயிற்றைப் பார்த்ததும் நின்றார். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அங்குட்டுக் கூட்டத்துல தேர் வடம் நம்ம கைக்கு எட்டாது. முருகன் இங்குட்டே குடுத்துட்டான், பிடிங்கடி!"

"ஆச்சி, அது வந்து..." என்று நான் தொடங்குவதற்குள் ஒன்பது தொண்டையும் "அரோகரா!" என்றன. அந்தச் சத்தம் கேட்டால் என் கை தானாகத் தலைக்கு மேல் போய்விடும். போனது. "அரோகரா!" என்று நானும் கத்தினேன். (தடுக்க வேண்டியவன்!)

ஒன்பது பேரும் சேர்ந்து இழுத்த இழுப்பில் பந்தல் மடங்கியது. ஒரு மூட்டுகூடச் சிக்கவில்லை. உள்ளே கும்பிட்ட கையோடு நான், மோர்ப்பானையோடு மீனாட்சி.

தலையில் கறிவேப்பிலையோடு கேட்டாள்: "இப்ப மட்டும் சிக்கலையாக்கும்?"

வேண்டுதல் போயிற்றே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆச்சிதான், "அழுகாதப்பா. இழுத்ததும் நாங்க, தாங்குறதும் நாங்க" என்று துணியின் ஒரு மூலையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். மற்ற மூலைகளை மற்றவர்கள் பிடித்தார்கள். அடுத்து வந்த கூட்டம் அவர்களை மாற்றிவிட்டது. கவிழாமல் மிச்சமிருந்த இன்னொரு பானை தீரும்வரை, ஆட்களே கம்பாக நின்ற பந்தலில் மோர் ஊற்றினேன்.

இப்போதெல்லாம் மடக்குக் கயிற்றை உள்ளே சுருட்டி மறைத்துவிடுகிறேன். ஆனாலும் வருஷா வருஷம் அந்தப் பெண்கள், "வடம் எங்கப்பா?" என்கிறார்கள். அவர்களுக்கென்றே பக்கத்துப் புளியமரத்தில் ஒரு கயிற்றைக் கட்டிப் பொட்டு வைத்திருக்கிறேன். இழுத்துவிட்டுத்தான் மோர் குடிக்கிறார்கள். வீட்டில் நான் எதற்குப் பொட்டு வைக்கப் போனாலும், மீனாட்சி எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொள்கிறாள்.

ஊரில் இப்போது முப்பது பேர் இழுத்ததாகவும், கயிற்றோடு என் வேட்டியும் போனதாகவும் பேச்சு. நீங்கள் யாருக்காவது சொன்னால் உள்ளபடி சொல்லுங்கள். ஒன்பது பேர்தான். வேட்டி இடுப்பில்தான் இருந்தது. நானும் "அரோகரா" என்று கத்தியதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் பந்தல் அன்றைக்கும் பாதியில் சிக்கியிருக்கும் என்பது மீனாட்சியின் கட்சி.