தவளைக்குத் தெரிந்த வழி

"தவளையக் காணோம்," என்று அப்பா போனில் சொன்னபோது, கண்ணாடிக் கடைக்காரர் ஒரு வாத்தியாரம்மாவின் மூக்கில் புதுக் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டிருந்தார்.

"மறுபடியுமாப்பா?"

"பழைய வீட்டுக்குத்தான் போயிருக்கும். நீ வா, ரெண்டு பேருமாப் போய்க் கூட்டிட்டு வந்துரலாம்."

ஒரே வாரத்தில் இது மூன்றாவது தடவை. கட்டைவிரல் அளவுகூட இல்லாத தவளை. பழைய வீட்டுக் குழாயடித் தொட்டியில் இருந்தது. அம்மா போன பிறகு நான்கு வருடம் அப்பா அதனிடம்தான் பேசிக்கொண்டிருந்தார். வீட்டை வாடகைக்கு விட்டு மகனோடு வந்தபோதும், "அது வந்தாத்தான் நான் வருவேன்" என்று ஒரே பிடிவாதம்.

அப்பா ஓய்வுபெற்ற தபால்காரர். நடந்துகொண்டே விளக்கினார்.

"தவளைக்குக் கண்ணுதான் வழி காட்டும். வளைஞ்ச மரம், பச்சைக் கதவு, தண்ணி டேங்க்குன்னு ஒவ்வொண்ணாப் பாத்து வச்சுக்கும். அத வச்சே வீடு வந்து சேந்துரும்."

தொட்டியில் தவளை ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அப்பா குழாயடிச் சுவரைத் தடவினார். "இங்க வச்சுத்தான் உங்கம்மா உன்னக் குளிப்பாட்டுவா. கண்ணுல சோப்பு பட்டா நீ போடுற சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்கும்."

கடைக்காரருக்கு இப்போதும் கண் லேசாக எரிந்தது.

பார்த்துத்தானே போகிறது? தவளையைக் கொண்டுவந்ததும் கடைக்காரர் தன் வீட்டு ஜன்னல்களில் செய்தித்தாளை ஒட்டினார். இருட்டில் மனைவி காப்பியில் உப்பைப் போட்டாள். மறுநாள் தவளையைக் காணோம்.

அடுத்த முறை தவளையை ஒரு டப்பாவில் போட்டு, கறுப்புத் துணியால் மூடி, அப்பாவோடு இரண்டு பஸ் மாறி, ஊரைச் சுற்றிக் கொண்டுவந்தார். சுற்றியதில் அவருக்கே வழி தப்பியது. "மணிக்கூண்டத் தாண்டி இடப்பக்கம் திரும்பு" என்று அப்பாதான் வீடு சேர்த்தார். மறுநாளும் தவளையைக் காணோம்.

இந்த ஓட்டத்தில் வாத்தியாரம்மாவின் கண்ணாடி ஒரு லாரி டிரைவரிடம் போய்விட்டது. அவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் போன் செய்தார். "அண்ணே, எதிர்ல வர்ற வண்டியெல்லாம் என் மடியில வந்து உக்காருதுண்ணே."

மனைவி சொல்லிவிட்டாள். "தவளைக்குக் கண்ணு நல்லாத்தாங்க இருக்கு. உங்களுக்குத்தான் பாக்கணும்."

கடைசியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். அப்பாவிடம் சொல்லாமல், பழைய வீட்டில் குடியிருக்கும் தையல்காரம்மாவைத் தனியாகப் போய்ப் பார்த்தார்.

"அக்கா, அந்தக் குழாயடித் தொட்டிய எடுத்துரலாம்னு இருக்கேன். அது இருக்கறதாலதான் தவளை இங்கயே ஓடி வருது."

தையல்காரம்மா மிஷினை நிறுத்தினார். பல்லில் கவ்வியிருந்த நூலை எடுத்தார்.

"எடுத்துக்கங்க தம்பி, எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா, மத்தியானம் உங்கப்பா டப்பாவுல போட்டுக் கொண்டாற தவளைய அப்புறம் எங்க விடுவாரு?"