கட்டைவிரல் கேட்ட பரீட்சை

ஆட்டையாம்பட்டியில் இருக்கும் மச்சான் காத்தான் அவர்களுக்கு, நாமக்கல்லில் இருந்து உங்கள் தங்கை புருஷன் சடையன், யாரையும் துணைக்கு வைத்துக்கொள்ளாமல், தன் கையாலேயே எழுதுவது.

இங்கே நானும் பெருமாயியும் சௌக்கியம். எருமையும் கன்று ஈன்று சௌக்கியம். அங்கே நீங்களும் ராமாயி அக்காவும் பிள்ளை குட்டிகளும் தறியும் சௌக்கியமாக இருக்க மாரியம்மன் துணை. நலம் விசாரித்தது இத்துடன் முடிந்தது. இனி எழுதுவதெல்லாம் கோபம். மெதுவாக எழுதுகிறவன் ஆகையால், எழுதி முடிப்பதற்குள் கோபம் ஆறிவிடுமோ என்று பயந்தேன். இன்று மூன்றாம் நாள். ஆறவில்லை.

கலையரசன் கல்யாணத்தைப் பதிவு செய்யப் போன அன்று நீங்கள் செய்ததை நான் மறக்கவில்லை. பெண் வீட்டார் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நிற்க, பேனாவை நீட்டிய குமாஸ்தாவிடம், "எங்க மாப்பளைக்குப் பேனா எதுக்குங்க, அந்த மையைக் கொண்டாங்க" என்றீர்கள். என் கட்டைவிரலை நீங்களே பிடித்து, நீங்களே மையில் தோய்த்து, நீங்களே அழுத்தினீர்கள். பெற்ற மகன் கல்யாணத்தில் எனக்கு ஒரு வேலையும் மிச்சம் வைக்கவில்லை. மூன்று நாள் அந்த நீல விரலோடு சோறு தின்றேன். நாலாம் நாள் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். இனி எந்த இடத்திலும் விரல் வைப்பதில்லை என்று பெருமாயி தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். வலிக்கிறது என்றாள்.

இரண்டு வருஷத்தில் எழுத்து வந்துவிட்டது. இப்போது பேருந்துப் பலகை, மருந்து டப்பா, சுவரில் இங்கே அசுத்தம் செய்யாதே என்று எழுதியிருப்பது, எதையும் நான் விடுவதில்லை. அசுத்தம் செய்யப் போகிறவன்போல நின்று முழுவதும் படிக்கிறேன். அந்த ருசியில்தான் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். கரண்டு பில் கட்டுவது, விண்ணப்பம் நிரப்புவது, கடிதம் அடித்து பிரிண்ட் எடுப்பது என்று அன்றாடத்துக்கு வேண்டியதை மூன்று மாதம் சொல்லித் தருவார்கள். பரீட்சை வைத்து முத்திரை போட்ட சான்றிதழும் உண்டு.

சொல்லித்தந்த அபிநயா டீச்சர் தங்கமான பெண். "மௌஸை ரெண்டு தட்டுத் தட்டோணுங்க அப்பா" என்பார். நாற்பது வருஷம் லாரிக்குப் பாடி கட்டியவன் நான். ரிவிட்டுக்கு ஒரே அடிதான். இரண்டாவது அடி அடித்தால் மேஸ்திரி திட்டுவார். இரண்டு தட்டு என் கைக்கு வர ஒரு மாதம் ஆயிற்று. வந்த பிறகு அது போகவில்லை. தண்ணீர்ச் சொம்பைக்கூட இரண்டு தட்டுத் தட்டித்தான் எடுக்கிறேன்.

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு. நான் எட்டு மணிக்கே போய், காவலாளி வீரபாகுவிடம் சொல்லிக் கதவைத் திறக்க வைத்தேன். புது லாரி பட்டறையை விட்டு வெளியே போகும்போது பொட்டு வைக்காமல் சாவி போட்டதாக ஒரு நாள் உண்டா மச்சான். அதனால் பன்னிரண்டு கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குழைத்துக் குங்குமம் வைத்தேன். பிரிண்டருக்கு வைத்தேன். மேசைமேல் புதிதாக இருந்த சின்ன மெஷினுக்கும், பாவம் அது மட்டும் என்ன செய்தது என்று, கண்ணாடி நெற்றியில் அழுத்தி வைத்தேன். சக்கரம் உள்ள நாற்காலி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தேன். குறை ஒன்றும் வைக்கவில்லை.

பத்து மணிக்கு சேலத்தில் இருந்து குமரகுரு என்ற பரீட்சை அதிகாரி வந்தார். முதலில் வந்தவன் ஆகையால் வரிசையில் நான்தான் முதல். அந்தச் சின்ன மெஷினை என் பக்கம் தள்ளினார்.

"கட்டைவெரலை வைங்க பெரியவரே."

"எதுக்குங்க?"

"வருகைப் பதிவுங்க. வெரல் வெச்சாத்தான் உள்ளே உடுவோம்."

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "ஏனுங்க, வெரல் வெக்கக்கூடாதுன்னுதானுங்க நான் படிச்சதே. கையெழுத்துப் போடறனுங்க" என்றேன். சட்டைப்பையில் இருந்து பேனாவையும் எடுத்துக் காட்டினேன். பின்னால் நின்ற தையல்காரப் பொன்னாயி, "வெச்சுட்டுப் போங்கண்ணா, சொத்துப் பத்திரமா எழுதிக் கேக்கறாங்க?" என்றாள். பெருமாயி தலையை மனதில் நினைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வைத்தேன். மெஷின் கீ என்று கத்திச் சிவப்பு விளக்கைக் காட்டியது. மூன்று தடவை வைத்தேன். மூன்று தடவையும் கத்தியது.

"என்ன வேலை செஞ்சீங்க?"

"லாரி பாடி கட்டுனனுங்க."

"அதான். ரேகை தேஞ்சு போயிருச்சு."

எழுத்து இல்லாதபோது விரலைக் கேட்டார்கள், கொடுத்தேன். எழுத்து வந்த பிறகும் விரலைத்தான் கேட்கிறார்கள். கொடுத்தால், உனக்கு விரலே இல்லை என்கிறார்கள். இது என்ன நியாயம் மச்சான். இதைவிடப் பெரிய அவமானம், என் விரல் பட்ட தீட்டைப் போக்குகிறவர்போல அந்த மனிதர் கைக்குட்டையால் கண்ணாடியை அழுத்தி அழுத்தித் துடைத்தார். அதன் பிறகு பொன்னாயி வைத்தாள், பச்சை. அவளுக்குப் பின்னால் பத்துப் பேரும் பச்சை. என்னை மட்டும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். இந்தப் பரீட்சை போனால் அடுத்தது ஆறு மாதம் கழித்து. எனக்கு அறுபத்தெட்டு வயது.

அபிநயா டீச்சர்தான் உள்ளே போய்ச் சண்டை போட்டார். விரல் பதியாதவர்களுக்கு ஒரு நோட்டு இருக்கிறதாம். அதிகாரி அதை எடுத்து வந்து, "கையெழுத்துப் போடத் தெரியுமுங்களா?" என்று என்னையே கேட்டார்.

"அதைத்தானுங்க அப்பப் புடிச்சுச் சொல்லீட்டிருக்கேன்."

போட்டேன். அப்பன் பெயரின் முதல் எழுத்து, புள்ளி, என் பெயர், அடியில் ஒரு கோடு. அவர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவசரப்படவில்லை. அன்றைக்கு அந்த நோட்டில் ஒரே ஒரு பெயர்தான். அது என் கையெழுத்து.

உள்ளேயும் எனக்கு நியாயம் கிடைக்கவில்லை. அதிகாரி அந்தச் சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து நகர, எலுமிச்சம்பழம் நசுங்கி அவர் காற்சட்டையில் தெறித்தது. எல்லா வண்டிக்கும் நடப்பதுதான். அவர் ஏன் என்னைப் பார்த்தார் என்று தெரியவில்லை. கல்யாணப் பத்திரிகை ஒன்று அடித்து பிரிண்ட் எடுக்க வேண்டும் என்பது கேள்வி. அடித்தேன். அமுக்கினேன். காகிதம் வரவில்லை. மறுபடி அமுக்கினேன். பிறகு எல்லாம் சேர்ந்து பதினேழு வந்தன. "ஒண்ணு போதுமுங்க" என்றார். ஒரே பத்திரிகையை வைத்துக்கொண்டு யார் கல்யாணம் செய்வது. வெறும் காகிதமாகக் கொடுத்தால் இழவு ஓலை ஆகிவிடுமே என்று, பொட்டலத்தில் மீதி இருந்த சந்தனத்தை நாலு மூலையிலும் தடவி மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினேன். அதற்கும் முறைத்தார்.

ஆகையால் மச்சான், வருகிற தை மாதம் உங்கள் பேத்தி கல்யாணப் பதிவில் முதல் சாட்சியாக நான்தான் பேனாவால் கையெழுத்துப் போடுவேன். மைப்பெட்டி அந்த மேசையிலேயே இருக்கக்கூடாது. எனக்கு விரல் இல்லை என்று அரசாங்க மெஷினே சொல்லிவிட்டது. என் பேனாவை நானே கொண்டுவருகிறேன்.

அக்காவுக்கு என் கும்பிடு. குழந்தைகள் தலைமேல் கை வைத்து ஆசீர்வாதம் சொன்னதாகச் சொல்லவும். தறிக்கு நூலும் வயலுக்கு மழையும் குறைவில்லாமல் வரட்டும்.

இப்படிக்கு,
சடையன் (கையெழுத்து)

பின்குறிப்பு: தபால்தலை வாங்க ஆறு நாள் ஆகிவிட்டது. அதற்குள் நேற்றுச் சான்றிதழ் வந்தது. நான் பாஸ். அதை வாங்குவதற்கும் அந்த மெஷினில் விரல் வைக்கவேண்டும் என்றார்கள். அபிநயா டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பா, அன்னிக்கு இந்தக் கண்ணாடியில பொட்டு வெச்சது நீங்கதானுங்களா?" என்று கேட்டார். நாலு மூலையில் சந்தனம் தடவிய என் பத்திரிகையையும், கண்ணாடியைத் துடைத்ததில் சந்தனக் கறை படிந்த தன் கைக்குட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து அதிகாரி கண்டுபிடித்தாராம். நான் மெஷினைத் துண்டால் துடைத்துவிட்டு விரலை வைத்தேன். முதல் தடவையே பச்சை. ரேகை தேயவில்லை மச்சான், அப்படியே இருக்கிறது. ஆகவே மேலே எழுதிய கோபத்தைக் கழித்துவிட்டுப் படிக்கவும். கிழித்துப் போட மனம் வரவில்லை. ஏழு பக்கம். கல்யாணத்தன்று பேனாவும் இருக்கட்டும், மைப்பெட்டியும் இருக்கட்டும். கையெழுத்து, ரேகை இரண்டும் என்னிடம் உண்டு. என் விரலை மட்டும் நீங்கள் பிடிக்கவேண்டாம். நானே வைத்துக்கொள்கிறேன்.