டோக்கன் சாரும் நூற்றுப் பன்னிரண்டாம் ஜோடியும்

தாம்பரத்தில் யாருடைய முகத்தையும் பார்க்காமல் ஊரையே தெரிந்து வைத்திருந்த மனிதர் என்றால் அது டோக்கன் சார் ஒருவர்தான். அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. வாக்காளர் பட்டியலில் கட்டாயம் இருந்திருக்கும். எங்கள் காலனியில் அதைத் தேடிப் போனவர்கள் யாருமில்லை.

ஒரு பார்சல் ஆபீஸில் முப்பது வருஷம் மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, ஒரே மகள் கோயம்புத்தூரில். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கர். ஓர் ஆடி வெள்ளியன்று, பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டாரே என்று, அம்மன் சன்னதியும் உள்ள எங்கள் காலனி முருகன் கோயிலுக்குக் கூழ் குடிக்க வந்தார். குடித்துவிட்டுத் திரும்பினால், போன வாரம் வாங்கிய செருப்பைக் காணோம்.

நானாக இருந்தால் திட்டிவிட்டு வேறு வாங்கியிருப்பேன். அவர் அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு பெஞ்சு, ஒரு கட்டு அட்டை, ஒரு சுருள் நைலான் கயிறு சகிதம் கோயில் வாசலில் உட்கார்ந்துவிட்டார். ஒரே எண்ணில் இரண்டு அட்டை. ஒன்று செருப்போடு கட்டப்படும், இன்னொன்று ஆளிடம் போகும். கட்டணம் கிடையாது. அட்டையைக் காட்டாமல் செருப்பும் கிடையாது.

அதற்குப் பிறகு எந்த விழாவும் அவர் இல்லாமல் நடக்கவில்லை. பிள்ளையார் சதுர்த்தி, புரட்டாசிச் சனி, மார்கழியில் பெருமாள் கோயிலின் சொர்க்கவாசல், தைப்பூசம். எங்கள் கமிட்டிப் பெரியவர் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"சார், நீங்க சர்ச்சுக்குப் போறவராச்சே?"

"நான் எங்க உள்ள வரேன்? வெளியிலதானே உக்காந்திருக்கேன்."

செப்டம்பரில் மாதா கோயில் தேர்பவனியிலும் இதே பெஞ்சு, இதே கயிறு. பங்குத்தந்தை கேட்டாராம், "நம்ம திருவிழா, நீங்க தேர் பின்னாடி நடக்கக் கூடாதா?" என்று. "எல்லாரும் வெறுங்கால்ல நடக்கறாங்க ஃபாதர். யாராவது ஒருத்தர் இங்க இருக்கணும்ல?" என்றாராம் இவர்.

ஓர் ஐப்பசியில் சூரசம்ஹாரத்தன்று வானம் பொத்துக்கொண்டது. அரை மணியில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். பெஞ்சு மிதந்தது. பெஞ்சில் இருந்த இருநூறு ஜோடியும் ஏரிப் பக்கம் கிளம்பின. டோக்கன் சார் மட்டும் அசையவில்லை. எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கோத்து, கயிற்றின் நுனியை இடுப்பில் கட்டியிருந்தார். மீனவர் வலை இழுப்பதுபோல் கைமாற்றிக் கைமாற்றி அவர் இழுத்த அழகைப் பார்த்த கூட்டம், சூரன் விழுந்ததைப் பார்க்கவில்லை.

அன்று மேடவாக்கத்திலிருந்து வந்த ஐ.டி. இளைஞன் ஒருவனுக்கு அட்டை தண்ணீரில் போய்விட்டது.

"சார், அதோ என் ஷூ."

"அடையாளம் சொல்லுங்க."

"பிளாக் சார்."

"கறுப்பு நாப்பது இருக்கு. எந்தக் கால் குதி தேஞ்சிருக்கும்? இடதா, வலதா?"

"அதெல்லாம் யார் சார் பாக்கறா?"

"தினம் மாட்டிக்கிட்டு நடக்கறது நீங்கதானே? சரி, பத்தடி நடங்க."

கொட்டும் மழையில் அவன் நடந்தான். சார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவன் காலையே பார்த்தார். "வெளிப்பக்கமா ஊனறீங்க. இதான், எடுத்துக்குங்க" என்று நீட்டினார். சரியான ஜோடிதான்.

அந்த வருஷங்களில் நான் கோயில் கமிட்டி செயலாளர். உண்மையைச் சொன்னால், அவர் எனக்கு ஒரு தலைவலி. ஒவ்வொரு விழாவிலும் யாரும் வந்து கேட்காத செருப்புகள் பத்துப் பதினைந்து மிஞ்சும். அவற்றைத் தூக்கி எறிய விடமாட்டார். கமிட்டி அறையில் மயில் வாகனத்தின் காலடியில் அடுக்கி வைப்பார். பார்க்கிறவர்களுக்கு, முருகன் குடும்பத்தோடு எங்கோ வெளியூர் போய்விட்டுத் திரும்பியிருக்கிறார் என்று தோன்றும்.

ஒரு பங்குனி உத்திரம். வெயில் அப்படி ஒரு வெயில். காவடி எடுப்பவர்கள் தார் ரோட்டில் நிற்க முடியாமல் கால் மாற்றிக் கால் மாற்றி ஆடிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்ப் பந்தலருகே யாரோ ஒருவர் மயங்கி விழுந்தார், ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது என்று என் காதில் விழுந்தது. எனக்கு இருந்த ஆயிரம் வேலையில் அதை அப்படியே மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை கமிட்டி அறையைச் சுத்தம் செய்ய ஆள் வந்திருந்தது. அந்தச் செருப்புக் குவியலைக் குப்பை வண்டியில் ஏற்றச் சொல்லிக்கொண்டிருந்தேன். டோக்கன் சார் உள்ளே வந்தார். கையில் ஒரு ஜோடி. நேராக என் மேஜைமேல் வைத்தார்.

"செகரட்டரி சார், நூத்திப் பன்னெண்டு வரல."

"வருஷா வருஷம் வராததுதானே சார்? தூக்கிப் போடுங்க."

"அதெல்லாம் வேற. பழசாயிடுச்சுன்னு அட்டையைத் தூக்கிப் போட்டுட்டு வெறுங்கால்ல போயிடறவங்களோடது அது. இதைக் கொஞ்சம் பாருங்க."

பார்த்தேன். வலது காலுக்கு டயர்த் துண்டு ஒட்டு. வாரில் மூன்று இடத்தில் பச்சை நூல் தையல். தூக்கி எறிவதற்கென்றே பிறந்த செருப்பாகத்தான் எனக்குத் தெரிந்தது.

"மூணு தடவை தெச்சிருக்காரு. இவ்வளவு பாத்துப் பாத்து வெச்சிருக்கற மனுஷன் விட்டுட்டுப் போவாரா? அவருக்கு என்னமோ ஆயிருக்கு சார்."

அப்போதுதான் எனக்கு ஆம்புலன்ஸ் ஞாபகம் வந்தது. சொன்னேன். அவர் முகம் மாறியதை இன்றும் மறக்கவில்லை. "நேத்தே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார்.

இருவரும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வார்டின் கடைசிக் கட்டிலில் ஒரு பெரியவர். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கையும் காலும் அசையவில்லை.

"பேரு, ஊரு எதுவும் தெரியல சார்" என்றார் நர்ஸ். "மேல சட்டை இல்ல, போன் இல்ல. பேச்சும் வரல. போலீஸுக்குச் சொல்லியிருக்கோம். இடுப்பு மடிப்புல இது மட்டும்தான் இருந்துச்சு. எதுக்குன்னே எங்களுக்குப் புரியல."

நசுங்கிப்போன அட்டை. நூற்றுப் பன்னிரண்டு.

டோக்கன் சார் பையிலிருந்து செருப்பை எடுத்துப் பெரியவர் கண் முன்னால் பிடித்தார். பெரியவரின் இடது கை மெல்ல வந்து வாரைப் பற்றிக்கொண்டது. கண்ணோரம் நீர் வழிந்தது. சார் குனிந்து, அந்தக் காதருகே பேசினார்:

"ஐயா, இதை இப்பக் குடுக்க முடியாதுங்க. உங்க அடையாளம்னு இது ஒண்ணுதான் எங்ககிட்ட இருக்கு. வீட்டு ஆளைக் கூட்டிட்டு வந்து குடுத்துடறேன். என்னை நம்புங்க."

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்த விரல்கள் பிடியை விட்டன.

தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் செருப்பு தைப்பவர்கள் மூன்று பேரிடம் காட்டினார். இரண்டு பேர் உதட்டைப் பிதுக்கினார்கள். மூன்றாமவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நம்ம கை இல்ல சார். பச்ச நூலு போட்டு இப்டி தெக்கிறவன் படப்பை மார்க்கெட்டாண்ட ஒர்த்தன் கீறான். அவனாண்ட கேட்டுப் பாரு."

படப்பை பஸ்ஸில் உட்கார இடமில்லை. அத்தனை தூரமும் அவர் அந்தப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆம்புலன்ஸ் என்று கேட்டபோது, யாரை என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை.

படப்பைக்காரர் பையைத் திறந்ததுமே சொல்லிவிட்டார். "இன்னா சார், இது டெய்லர் பெரியவர்துல்ல? புதுசு வாங்குன்னு நானே சொல்லிக்கினு கீறேன், கேக்க மாட்டாரு. அவர்து உன் கைல எப்டி வந்துச்சு?" விஷயத்தைச் சொன்னதும் கடையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். "வா சார், வூடு தண்ணி டேங்க் பின்னாலதான்."

வாசலில் ஒரு பெண் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரியவரின் மகள். அப்பா எல்லா வருஷமும் உத்திரத்துக்குக் குன்றத்தூர் முருகன் கோயிலுக்குப் போகிறவர் என்பதால், நேற்று மாலையிலிருந்து குன்றத்தூர் முழுக்கத் தேடிவிட்டு அப்போதுதான் திரும்பியிருக்கிறார். குன்றத்தூர் பஸ்ஸில் இருந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு இந்த வருஷம் அவர் தாம்பரம் பஸ்ஸில் ஏறியது யாருக்குத் தெரியும்? செருப்பைப் பார்த்ததும் அந்தப் பெண் போட்ட சத்தத்தில் தெருவே வந்துவிட்டது. "இருக்காரும்மா, உயிரோட இருக்காரு" என்று டோக்கன் சார் நாலைந்து தடவை கத்த வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் மகள் "அப்பா" என்றதும் பெரியவரின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது மகளின் பெயர் என்று நாங்கள் பிறகு தெரிந்துகொண்டோம். டோக்கன் சார் குனிந்து கட்டிலின் கீழே செருப்பை ஜோடியாக வைத்தார். பிறகு நர்ஸிடம் போய், "சிஸ்டர், அந்த அட்டையைக் குடுத்துடுங்க" என்று கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மகள் அவர் காலில் விழப் போனார். இவர் பதறி இரண்டடி பின்னால் போனதில், குளுக்கோஸ் மாட்டியிருந்த கம்பியே சாயப் பார்த்தது.

பெரியவர் பிழைத்துக்கொண்டார். பேச்சு பாதிதான் திரும்பியது. ஒரு காலை இழுத்துத்தான் நடந்தார். ஆனால் வீட்டில், தன் மனிதர்களோடு இருந்தார்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் எங்களுக்கு உட்கார இடம் கிடைத்தது.

"காலையில நான் தூக்கிப் போடச் சொன்னேன் சார்" என்று ஆரம்பித்தேன்.

"இடத்தை சுத்தமா வெச்சுக்கறது செகரட்டரி வேலை. நீங்க உங்க வேலையைத்தானே பாத்தீங்க" என்றார். அதில் கிண்டல் இருக்கிறதா என்று முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். இல்லை. காலையிலிருந்து அவர் ஒரு டீகூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டு நிறுத்தம் தாண்டியதும் தூங்கிப்போனார். தலை சரிந்து என் தோளில் வந்து நின்றது. எங்கள் காலனி நிறுத்தம் வந்தது. கண்டக்டர் எங்களைப் பார்த்து, "இறங்கலையா சார்?" என்றார். "அடுத்ததுல இறங்கிக்கறோம்" என்று மெதுவாகச் சொன்னேன். அடுத்ததிலும் நான் அவரை எழுப்பவில்லை.