நட்டு போல்ட்டு வழக்கில் நான் ஜெயித்த விவரம்

கரையான்சாவடி,
ஞாயிறு மத்தியானம்.

ஆவடியில் குடும்பத்தோடு நலமாக இருக்கிற, இனியும் அப்படியே இருக்கவேண்டிய மைத்துனன் சண்முகசுந்தரத்துக்கு மாமா துலுக்கானம் எழுதுவது. இங்கே உன் அக்கா கலைவாணி, மகன் தமிழரசு, மருமகள் ராதிகா எல்லோரும் சௌக்கியம். என் சௌக்கியத்தைக் கீழே படி, உட்கார்ந்து படி. ஃபோனில் சொன்னால் நடுவில் பேசுவாய் என்பதால்தான் கடிதம்.

வேலப்பன்சாவடி புதுமனை புகுவிழாப் பந்தியில், பாயசம் ஊற்றும் நேரத்தில், சொந்தக்காரர் அத்தனை பேர் நடுவில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "மாமா எந்தக் கல்யாணத்துக்கு வாழ்த்துமடல் எழுதினாலும் பேரை மட்டும்தான் மாத்துது. 'நட்டும் போல்ட்டும்போல் நாளும் இறுகி வாழ்க'ன்னு அதே வரிதான் எல்லாத்துலயும் கீது." எல்லோரும் சிரித்தார்கள். பாயசம் ஊற்றியவனும் சிரித்தான். பாடியில் இருக்கிற ஃபேக்டரியில் நட்டு போல்ட்டோடு காலம் தள்ளியவன் நான், அந்த வரியை என்னோடு வேலை பார்த்த வேம்புலியின் மகன் கல்யாணத்துக்கு ஒரே ஒரு தடவை எழுதியிருப்பேன், அவ்வளவுதான். அதனால் அங்கேயே சவால் விட்டேன். அந்த வரி இரண்டு கல்யாணத்தில் இருந்தால் உன் மகள் நிவேதிதா கல்யாணத்தில் நான் மேடை ஏறமாட்டேன், மடலை நீயே வாசி. இல்லையென்றால் நீ மைக்கைப் பிடித்து மன்னிப்புக் கேள் என்றேன். மைக்கைக் கண்டால் உனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று தெரிந்துதான் சொன்னேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். நிவேதிதா என் தோளில் ஏறி விளையாடின பெண், அவள் கல்யாணத்தில் வாசிக்காமல் நான் வேறு எங்கே வாசித்து என்ன பிரயோசனம்.

எழுதிய மடல் எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. பூந்தமல்லியில் ஒரு டிடிபி கடையில் டைப் கற்றுக்கொண்டு, அவர்கள் போட்டுக்கொடுத்த தமிழ் ஃபான்ட்டில் நானே அடித்தவை. கஷ்டம் என்னவென்றால் ஃபைலுக்கெல்லாம் 'கல்யாணம்', 'கல்யாணம் புதுசு', 'கல்யாணம் ரொம்பப் புதுசு' என்று பெயர் வைத்திருக்கிறேன். தேடும் பெட்டியில் வரியைப் போட்டால், அது ஃபைல் பெயரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறது. உள்ளே எழுதியிருப்பதையும் தேட ஒரு செட்டிங் உண்டு என்று தமிழரசு சொன்னான், போட்டேன். ஒவ்வொரு சொல்லாக அது படித்து வைத்துக்கொள்ளுமாம், அதுவரை அணைக்கக்கூடாதாம். உன் அக்கா மிக்ஸி போட்டாள், ஃபியூஸ் போச்சு, பொட்டி அணைஞ்சு மறுபடி படிக்க ஆரம்பிச்சுது. மிக்ஸிக்குத் தடை போட்டேன். அப்புறம் வீட்டில் சட்னி ஏது, இட்லிக்குப் பொடிதான், தோசைக்கும் பொடிதான். "அந்தப் பொட்டி படிச்சு கலெக்டராவப் போவுதா"ன்னு உன் அக்கா கேட்டா.

இன்று காலை படித்து முடித்தது. நான் அவசரப்படவில்லை, முதலில் சோதித்தேன். 'சாக்கடை' என்று அடித்தேன். தமிழரசு போன வருஷம் ஃபோனில் அடிக்கிற மாதிரியே கம்ப்யூட்டரிலும் தமிழ் அடிக்க ஒன்று போட்டுத்தந்தான், அதில் எங்கள் தெருச் சாக்கடையைப் பற்றி நான் எழுதிய மனு அத்தனையும் வந்து நின்றது. பொட்டி ஒழுங்கா வேலை செய்யுது. குளிச்சிட்டு வந்து, சாமிக்குக் கற்பூரம் காட்டிட்டு, 'நட்டும் போல்ட்டும்'னு அடிச்சு எண்டரைத் தட்டினேன். ஒண்ணுமில்லை. பொருந்துவது எதுவும் இல்லைன்னு கம்ப்யூட்டரே எழுதிக் காட்டுது. வேம்புலி மகனுக்கு ஒரு தடவை எழுதினேன்னேன் இல்ல, அதுகூட இல்லை. நான் எழுதாத வரியை எழுதினதா என்னையே நம்ப வச்சிருக்கே, அப்படி ஒரு வாய் உனக்கு. உன் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அப்போ மிக்ஸி போடலாமா"ன்னா. போட்டுக்கோன்னு சொல்லிட்டேன், ஜெயிச்சவன் பெருந்தன்மையா இருக்கணும்.

ஆகவே மைக் செட்காரரிடம் சொல்லி வை. மன்னிப்பு சுருக்கமாக இருந்தால் போதும், ஆனால் கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டும். நிவேதிதாவுக்கும் மாப்பிள்ளை திருமுருகனுக்கும் என் ஆசீர்வாதம். வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு, அதில் உனக்கும் பங்கு உண்டு.

இப்படிக்கு,
தலை நிமிர்ந்து நடக்கும் உன் மாமா,
துலுக்கானம்

பி.கு.: கவரை ஒட்டப்போகும்போது ராதிகா வந்து பார்த்தாள். ஐடியில் வேலை பார்க்கிற பெண், சிரிக்கவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். "மாமா, கல்யாண ஃபைல் எல்லாம் பழைய ஃபான்ட்டுல இருக்கு. பாக்கத்தான் தமிழ், உள்ள அத்தனையும் இங்கிலீஷ் எழுத்து. நீங்க இப்ப அடிக்கிற தமிழ்ல தேடினா அது எப்படி அகப்படும்" என்றாள். வேம்புலி மகன் மடலைத் திறந்து, அந்த வரியை அப்படியே எடுத்துத் தேடும் பெட்டியில் ஒட்டினாள். வாயில் நுழையாத ஆங்கில எழுத்தாக விழுந்தது. பிறகு ஃபைல்கள் வந்தன, வந்துகொண்டே இருந்தன, திரை கொள்ளவில்லை. உன் வெள்ளிவிழாக் கல்யாண நாளுக்கு எழுதியதை நீ கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறாயே, அதிலும் இருக்கிறது, போய்ப் பார்.

மேலே எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை, நன்றாக வந்திருக்கிறது. சொன்ன சொல் சொன்னதுதான், மேடையில் நீயே வாசி. நிவேதிதாவுக்கு அந்த வரி இல்லாமல் எழுதிப் பார்த்தேன். யார் வீட்டுக் கல்யாணமோ மாதிரி இருந்தது, அதனால் சேர்த்துவிட்டேன். நான் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன். அந்த வரி வரும்போது மட்டும் மைக்கை என் பக்கம் நீட்டு.