பொட்டு அழியாத மட்டை

நீந்தத் தெரிந்தவர்கள் ஒரு வகை. தெரியாதவர்கள் ஒரு வகை. நீந்தத் தெரியாமலே, உலகப் போட்டி வீரர்கள் மாட்டும் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு தாமிரபரணியின் குறுக்குத்துறைப் படியில் முழங்கால் தண்ணீரில் நிற்பவர் மூன்றாம் வகை. இவருக்கு நான் மேல்ரகத்தார் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

மேல்ரகத்தாரை அடையாளம் காண்பது எளிது. கூந்தன்குளத்துக்குப் பறவை பார்க்க வருவார். கையில் முழ நீள லென்ஸ் இருக்கும். அதன் மூடியைக் கழற்றுவதற்குள் பறவை சைபீரியாவுக்கே போய்ச் சேர்ந்திருக்கும். கேட்டால், "வாங்குததுதான் வாங்குதோம், ஒசந்ததா வாங்கிருவோம்" என்பார். பழகுகிறவனுக்கு ஒன்று, பழகியவனுக்கு ஒன்று என்று இரண்டு செலவு எதற்கு என்பது அவருடைய பொருளாதாரம். நடுவில் பழக வேண்டுமே? அது எதற்கு?

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் மோட்டார் பம்பு கடை வைத்திருக்கும் குமரகுருபரன் அண்ணாச்சி இந்த இனத்தின் அசல் வித்து. ஆனால் பம்பு விஷயத்தில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. கிணறு என்ன ஆழம், வயல் எவ்வளவு என்று கேட்காமல் ஒரு பம்பு விற்றதில்லை. பெரிய மோட்டார்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்ற கல்லிடைக்குறிச்சி விவசாயியை, "ஒம்ம கெணத்துக்கு இது எதுக்குவே" என்று சின்ன மோட்டாரோடு அனுப்பிவைத்த மகான். ஊருக்குத்தான் உபதேசம்.

அவர் மகள் மதுமதி பெங்களூரில் உடன் வேலை பார்க்கும் பையன் ஒருவனை விரும்பினாள். பையனின் அப்பா தில்லைநாயகம் நம்ம ஊர்க்காரர்தான். கோயம்புத்தூரில் மில் வைத்திருக்கிறார். விடுமுறைக்குக் கொடைக்கானலில் கோல்ஃப் ஆடுகிறவர். அங்கேயே வாருங்கள், ஆடிக்கொண்டே கல்யாணத்தைப் பேசி முடிப்போம் என்று போனில் அழைத்தவர், ஆடுவீர்களா என்றும் கேட்டார். இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அண்ணாச்சியோ, "ஏதோ ஆடுவேன்" என்றார். அந்த 'ஏதோ' அடக்கத்துக்காகச் சேர்த்தது. மகளுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

மட்டை வாங்கச் சென்னைக்குப் போனார். கடைக்காரர் இர்ஷாத், எத்தனை வருஷமாக ஆடுகிறீர்கள், பந்து நேராகப் போகுமா, வலது பக்கம் வளையுமா என்று, அண்ணாச்சி கிணற்று ஆழம் கேட்பதுபோலவே கேட்டார். அண்ணாச்சி விட்டத்தைப் பார்த்தார். இர்ஷாத் புரிந்துகொண்டு, அடி அகலமாக, முதுகு குழிந்த இரும்பு மட்டைகளை எடுத்து வைத்தார். இதில் பந்து நடுவில் படாமல் கொஞ்சம் தப்பினாலும் ஓரளவு ஒழுங்காகப் போகும், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஏற்றது என்றார்.

அவ்வளவுதான்.

"தப்பா அடிக்கவனுக்கு உள்ளத எனக்கு எதுக்குக் காட்டுதீரு?" என்றார் அண்ணாச்சி. பிறகு மேல்தட்டில் கத்தி மாதிரி மெலிந்து மின்னிய மட்டைகளைக் காட்டினார். அது நூலளவு தப்பினாலும் பொறுக்காது, கை தேர்ந்தவர்கள் மட்டும் எடுப்பது என்று இர்ஷாத் எச்சரித்தார். எச்சரிக்கையா அது? மேல்ரகத்தார் காதுக்கு அதுதான் நாயனம்.

மட்டைகள் வந்த நேரம் ஆயுத பூஜை. கடையில் ஸ்பேனருக்கும் தராசுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்த அவர் மனைவி பிரம்மநாயகி, ஒவ்வொரு மட்டையின் முகத்திலும் நட்டநடுவே சந்தனத்தைக் குழைத்து அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தார். சந்தனம் காய்ந்து சிமெண்டாகப் பிடித்துக்கொண்டது. துடைக்கக் கூடாது, சாமி குத்தம் என்று விட்டுவிட்டார்கள். மறுநாளிலிருந்து கடைக்குப் பின்னால் உள்ள காலி மனையில் தினமும் காலையில் பயிற்சி. மண் பறந்தது. ஒருநாள் செருப்பு பறந்தது. பந்து மட்டும் பக்கவாட்டில் உருண்டு சாக்கடையைத் தேடிப் போனது. கையில் சூட்சுமம் வந்துகொண்டிருப்பதாக அண்ணாச்சி எல்லோரிடமும் சொன்னார்.

கார்த்திகையில் குடும்பத்தோடு கொடைக்கானல் போனார்கள். அங்கே நடந்ததைப் பிரம்மநாயகி என் வீட்டில் வந்து சொன்னபடியே சொல்கிறேன். அண்ணாச்சி உறையிலிருந்து மட்டையை உருவ, தில்லைநாயகம் ஆசையாக வாங்கித் திருப்பிப் பார்த்தார். பந்து படவேண்டிய அந்த இடத்தில், ஆயுத பூஜைப் பொட்டு வைத்தது வைத்தபடி இருந்தது. அவரும் திருநெல்வேலிக்காரர் அல்லவா? எல்லாம் விளங்கிவிட்டது. மதுமதி புல்லைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி," என்றார் தில்லைநாயகம் பைய, "ஒரு அடிகூட நடுவுல படல போலிருக்கே."

பிறகு தன் பழைய மட்டையை நீட்டினார். அடி அகலமானது, முதுகு குழிந்தது. மதுமதி, "வாங்கிக்கிடுங்கப்பா" என்று கெஞ்சினாள். அப்போதாவது வாங்க வேண்டாமா? "அது பழகுதவங்களுக்கு உள்ளதுல்லா" என்றார் நம் மேல்ரகத்தார். பிரம்மநாயகிக்கு உயிரே போய்விட்டது. கல்யாணப் பேச்சு இங்கனயே முறிந்தது என்று நினைத்தாராம்.

"ஆமா அண்ணாச்சி," என்றார் தில்லைநாயகம். "இருபது வருசமா பழகிக்கிட்டுதான் இருக்கேன். இன்னும் தப்புது."

அந்த மட்டைக்கு வாய்த்த சொந்தக்காரரும் தப்பைப் பொறுக்கிற ரகமாக இருந்தது மதுமதியின் அதிர்ஷ்டம். தை மாதத்திலேயே கல்யாணம் என்று அவரே சொல்லிவிட்டார்.

அண்ணாச்சிக்குப் புத்தி வந்ததா என்கிறீர்களா? மலையிறங்கித் திரும்பும் வழியில், வத்தலக்குண்டு வந்ததும் மனைவி பக்கம் திரும்பினாராம். "ஏட்டி, பொட்ட ஓரத்துல வச்சா சாமி வேண்டாம்னா சொல்லப்போகுது?"

நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். போன மாதம் ஏதோ ஒரு கடையில், 'புதிதாகப் பழகுபவர்களுக்கு' என்று அச்சிட்ட பெட்டியைக் கையில் எடுத்தீர்கள். விலையும் தோதாக இருந்தது, உங்களுக்கும் அதுதான் தோது. ஆனால் பக்கத்தில் நின்றவர் பார்க்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்ப வைத்தீர்கள். அதற்குப் பதிலாக வாங்கி வந்தீர்களே, அதை இப்போது எடுத்துத் திருப்பிப் பாருங்கள்.

பொட்டு அப்படியே இருக்கிறதா?